கறிச்சட்டியும் நாய்த் தட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

நத்தார் நெருங்குகிறது. இந்தக் கிழமைகளில் கடைக்கு வருபவர்கள் அநேகமாகக் கேட்பது, "சொக்லேட் குடுத்தால் நாய்க்கு என்ன செய்யும்?" என்றுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து வீடுகளில் நாயின் தட்டில் நாளாந்தம் விழுவது சோறும் கறி மிச்சமும். ஆகவே வெங்காயத்தில் தொடங்குகிறோம்.

பம்பாய் வெங்காயம், சின்ன வெங்காயம், லீக்ஸ், உள்ளி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. வதக்கினாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. நாயின் எடையில் நூற்றில் அரைப் பங்கு ஒரே தடவையில் வயிற்றுக்குள் போனாலே ஆபத்து. 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், நடுத்தரப் பம்பாய் வெங்காயத்தில் பாதி. உள்ளி இதைவிடக் கடுமை. சீனிச் சம்பலில் தண்ணீர் வற்றி வெங்காயம் சுருங்கிக் கிடப்பதால், ஒரு கரண்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் மதிக்க முடியாது. கொத்து ரொட்டியில் வெங்காயமும் லீக்ஸும் சேர்ந்தே வரும். துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் பயனில்லை, சாறு குழம்பில் இறங்கிவிட்டது.

வெங்காயத்தின் கெட்ட குணம், அது தாமதித்துக் காட்டுவது. சாப்பிட்ட அன்று நாய் வழமைபோல ஓடித் திரியும். மூன்று முதல் ஐந்து நாட்களில் முரசு வெளிறும், படி ஏறும்போது இளைக்கும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும். அப்போது யாருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கொத்து ஞாபகம் வருவதில்லை. உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

அடுத்தது பலர் கேள்விப்படாதது: புளி. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலான பிளம்ஸும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது நெடுநாளாகத் தெரியும், ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்க நஞ்சு ஆலோசனை மையமொன்றின் வைத்தியர்கள், தாத்தாரிக் அமிலம் உள்ள வேறு பொருட்களைத் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைக் கவனித்து, அந்த அமிலமே காரணமாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் கண்ட பொருட்களில் புளியும் ஒன்று. புளியில் அந்த அமிலம் ஏராளம். ஒரு சொட்டு ரசம் நக்கியதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மேசையில் ஊறிக்கொண்டிருந்த புளிக் கிண்ணத்தை நாய் காலி செய்தால், அதைப் பிளம்ஸ் தின்றதற்குச் சமமாகவே எடுங்கள்.

பிளம்ஸில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று சிலதிலேயே விழும், அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் வேறுபடுவது அதற்குக் காரணமாக இருக்கலாம். முதல் நாளில் வாந்தியும் சோர்வும் வரும். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். நத்தார் கேக்கில் பிளம்ஸும் பிராந்தியும் ஒன்றாக இருப்பதால், கேக் பெட்டி அலுமாரியின் மேல் தட்டில்தான் இருக்க வேண்டும்.

இனி சொக்லேட். நஞ்சு அதிலுள்ள தியோபுரோமின். எங்கள் உடலை விட நாயின் உடல் அதை மிக மெதுவாக வெளியேற்றும், பாதி குறையவே ஏறக்குறைய 17 மணித்தியாலம். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் பதற்றமும், 40க்கு மேல் இதயம் தாறுமாறு, 60இல் வலிப்பு. பால் சொக்லேட் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம், கறுப்புச் சொக்லேட்டில் 500 அல்லது அதற்கும் மேல். கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டியே 100ஐத் தாண்டும். வெள்ளைச் சொக்லேட்டில் தியோபுரோமின் இல்லாத குறைதான், கொழுப்பு மட்டும் தாராளம்.

நீரிழிவுக்காரர் உள்ள வீடுகள் கவனிக்க: சீனியில்லாச் சுவிங்கம், ரொபி, சில நிலக்கடலை வெண்ணெய்களில் சீனிக்குப் பதிலாகச் சைலிற்றோல் என்ற இனிப்பு இருக்கும். பொதியில் ஈ967 என்றும் போடுவார்கள். கிலோவுக்கு 0.1 கிராமே நாயின் குருதிச் சீனியை அரை மணிக்குள் வீழ்த்தும், 0.5 கிராம் ஈரலைத் தாக்கும். நாய் தள்ளாடினால் வைத்தியரிடம் கொண்டுபோகும் வழியிலேயே தேனை முரசில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்ற வேண்டாம். ஸ்டீவியாவில் இந்த ஆபத்து இல்லை.

அவித்த கோழி எலும்பு கூராக முறிந்து குடலைக் குத்தும். மாங்கொட்டையும் சோளப் பொத்தியும் நஞ்சல்ல, குடலை அடைக்கும். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த அப்ப மா வயிற்றுக்குள்ளும் பொங்கி மதுசாரத்தை உண்டாக்கும்.

தின்றுவிட்டதா? உப்புத்தண்ணி பருக்க வேண்டாம், உப்பே ஒரு நஞ்சாகிவிடும். தேங்காய்ப்பாலும் கருக்கிய பாணும் ஒன்றும் செய்யா. எலும்பு தின்ற நாயை வாந்தி எடுக்க வைத்தால் ஏறும்போதும் குத்தும். வைத்தியருக்கு உடனே தொலைபேசி எடுங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த நான்கும் சொல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள்தான் பலன் தரும். மாலையில் காலி வீதி நெரிசலிலேயே அதில் ஒன்று போய்விடும். ஆகவே அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொதியையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்போம் என்பவர்களுக்கு வழி சுலபம். சட்டியில் வெங்காயம் போட முதல் நாயின் பங்கை எடுத்துவிடுங்கள்: எலும்பில்லாத கோழி அல்லது முள் எடுத்த மீன், சோறு, கொஞ்சம் பூசணியோ கரட்டோ. உப்பும் தூளும் வேண்டாம்.

நாயின் எடை தெரியாதவர்கள் கடைக்குக் கூட்டி வாருங்கள், தராசில் நிறுத்து பில்லின் பின்பக்கம் எழுதித் தருகிறோம், காசில்லை. பெரிய நாயானால் வீட்டிலேயே அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் வைத்தியரின் இலக்கத்தையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வெள்ளவத்தை செல்லப்பிராணிக் கடையினர்