காணிக்கைக் கூடையில் கொழுந்தும் வரட்டும்: நீலகிரிப் பங்குத்தந்தையருக்கும் பங்குப் பேரவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தையரே, பேரவை உறுப்பினர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

மே 1 வந்தால் பெரும்பாலான பங்குகளில் ஒரே மாதிரி ஏற்பாடுதான். காலை 10 மணிக்குத் திருப்பலி, மறையுரையில் 'உழைப்பே உயர்வு', பிறகு கருவிகள் மேல் தீர்த்தம், முடிவில் டீயும் வடையும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கையில் கொடுக்கிற அந்த டீ எப்படி டீயானது என்று மறையுரையில் ஒரு வரிகூட வருவதில்லை. உழைப்பு புனிதமானது என்று பொதுவாகச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை, யாருக்கும் உறைக்கப்போவதும் இல்லை. தேயிலைக் கொழுந்து, அதை நிறுக்கிற தராசு, ஷிப்டு, லாட்ஜ் அறை என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். இந்த மடல் அதைக் கேட்கத்தான்.

தொழிலாளரான சூசையப்பரின் விழாவைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1955 மே 1 அன்று இத்தாலியத் தொழிலாளர்கள் முன்னிலையில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில்தான் மைசூரிலிருந்து பிரிந்து உதகை மறைமாவட்டம் உருவானது. விழாவுக்கும் மறைமாவட்டத்துக்கும் ஒரே வயது. திருவழிபாட்டு நாள்காட்டியில் அது விருப்ப நினைவு என்பதால் கண்டும் காணாமல் விடும் வழக்கம் உண்டு. இந்த மலையில் அது சரிப்படாது.

முதலில் காணிக்கைப் பவனி. ஆப்பிள், திராட்சை, அன்னாசி, வாழைத்தார் என்று தட்டுகள் வருகின்றன. பாதிக்கு மேல் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியேறி வந்தவை. 'நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும்' என்று பீடத்தில் சொல்லும்போது, கோயில் மதிலை ஒட்டி நிற்கிற தேயிலைச் செடிக்கு அதில் பங்கு இல்லையா? பச்சைக் கொழுந்து 2 கிலோ போதும். அன்று காலையில் பறித்ததாக இருக்கட்டும். மூங்கில் கூடையில் தளர்வாகப் போட்டுக் கொண்டுவர வேண்டும். பாலிதீன் பையில் அமுக்கினால் பறித்த பிறகும் மூச்சுவிடுகிற இலை தன் சூட்டிலேயே புழுங்கிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தை எந்தத் தொழிற்சாலையும் முகம் சுளிக்காமல் வாங்காது. மருந்தடித்து ஒரு வாரம் ஆகாத தேயிலைக் காட்டில் பறிக்கக் கூடாது. கூடையைப் பீடத்தின் மேல் வைக்க வேண்டாம்: அப்பமும் இரசமும் தவிர்ந்த காணிக்கைகளை நற்கருணைப் பீடத்துக்கு அப்பால் தகுந்த இடத்தில் வைக்கும்படிதான் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. பூசை முடிந்த கையோடு கொழுந்து வண்டியில் ஏற்றிவிடுங்கள். அன்று வண்டி வராது என்றால் சாக்கு விரித்து நிழலில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். கிடைக்கிற காசு சொற்பம்தான். வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிற ஒருவர் வீட்டுக்கு அது போகட்டும்.

மறையுரை தயாரிக்கும் முன்பு ஒரு காலை நேரம் காட்டோரம் நின்று பறிப்பதைப் பாருங்கள், சாமி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒடிக்க வேண்டும். பிடித்து இழுத்தால் தண்டு கிழியும், அடுத்த துளிர் தாமதமாகும். ஒடித்ததைக் கை கொள்ளும் மட்டும் சேர்த்து இறுக்கி வைத்திருந்தால் இலை கன்றிப்போகும், அதனால் கை நிறையும் முன்பே கூடைக்குப் போக வேண்டும். மொட்டு விடாமல் உறங்கிப்போன துளிரையும் விட்டுவைக்கக் கூடாது. கூடையில் சேர்க்காமல் கிள்ளி எறிந்தால்தான் செடியின் மேல்மட்டம் மேசைபோல இருக்கும். சீசனில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு சுற்று, பனிக்காலத்தில் இரண்டு வாரமும் அதற்கு மேலும். சுற்று தவறினால் இலை முற்றும், முற்றின இலை தொழிற்சாலையில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. உருளையில் நார்நாராக வரும், ஏலத்தில் விலை இறங்கும். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துதான் ஒரு கிலோ தூளாகிறது. கையால் ஒடிப்பதற்குப் பதில் கத்தரிக்கோல் வந்த பிறகு கிலோ கூடியது; நல்லதும் முற்றலும் சேர்ந்து வருவதும், தோள்பட்டை வலியும் கூடவே வந்தன. இவ்வளவையும் மழையில், இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு, இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு செய்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகு 'வேலை என்பது ஆதாம் செய்த பாவத்துக்குத் தண்டனை' என்று யாரும் பிரசங்கம் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். தொடக்க நூலில் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதனை வைத்தது 2-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். பாவம் 3-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. முள்ளும் நெற்றி வேர்வையும் பிறகு சேர்ந்தவை, வேலை முதலிலேயே இருந்தது. 'பாதுகாக்கவும்' என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. அடுத்த சுற்றுக்குச் செடியை மிச்சம் வைத்துப் பறிக்கிறவருக்கு அந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தராசு. மலைக் கோயில்களில் அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று நிறுவை நடக்கும். பையின் எடையைக் கழிப்பது நியாயம். நைலான் பை 200 கிராம் என்றால் 200 கிராம் கழியட்டும். 'எதற்குக் கணக்கு, பைக்கு ஒரு கிலோ' என்று வட்டமாகக் கழித்தால் ஒரு நிறுவைக்கு 800 கிராம் போகிறது. மூன்று நிறுவைக்கு 2 கிலோ 400 கிராம். மாதத்தில் 25 நாள் என்றால் 60 கிலோ, ஒரே ஆளிடமிருந்து! தூளாக்கினால் ஏறக்குறைய 13 கிலோ. மழை நாளில் ஈரத்துக்கு என்று கண்ணால் பார்த்து ஒரு கழிவு போடுவது இதற்கு மேல். ஈரத்தை அளக்க வழி இருக்கிறது: பையின் நடுவிலிருந்து ஒரு கிலோ எடுத்து, உலர்ந்த துணியில் பரப்பி, ஒற்றியெடுத்து மறுபடி நிறுக்க வேண்டும். 880 கிராம் வந்தால் கழிவு நூற்றுக்கு 12, அதற்கு மேல் ஒரு கிராமும் இல்லை. தராசைச் சமமான பலகையில் வைத்து, பை ஏற்றுமுன் சுழியம் காட்டுகிறதா என்று பறித்தவரையே பார்க்கவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை உண்டு, அது எந்த ஆண்டுடையது என்றும் பார்க்கலாம். மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை: பைக்கு அடியில் முற்றலைப் போட்டு மேலே கொழுந்தைப் பரப்புவதும், எடைக்காகத் தண்ணீர் தெளிப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. கள்ளத்தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் முதல் வசனத்திலேயே இருக்கிறது. தராசைப் பிடிக்கிறவரும் பையைத் தூக்குகிறவரும் ஞாயிறன்று ஒரே வரிசையில் நற்கருணை வாங்குகிறார்கள்.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் பொருள்களைக் கவனிக்கிறவர் எல்லாத் தட்டுமுட்டுகளையும் பீடத்தின் பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்கிறார். அதைத் தேயிலைக் காட்டில் எடுத்துச் சொல்வதற்குத் தராசுத் தட்டைவிடப் பொருத்தமான பாத்திரம் எது?

ஆகவே தவக்காலத்தில் கொடுக்கிற ஆன்மச் சோதனைத் தாளில் வேலையைப் பற்றியும் நாலு கேள்வி சேருங்கள். பூசைக்குப் போகாதது, சண்டை, குடி என்று இருக்கிற பட்டியலோடு இவையும் வரட்டும்: எடையில் ஏமாற்றினேனா? கூலி ஆளுக்குச் சொன்ன நாளில் பணம் கொடுத்தேனா? மருந்தடிக்கிறவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் அனுப்பினேனா? என் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினேனா? நம் பங்குகளில் கூலிக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு நாலு பேரை வேலைக்குக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பதை வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வைத்திருக்கிறது. அந்த வரிசையில் கொலையும் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மே 1 வாசகமாகக் கொலோசையர் 3-ஆம் அதிகாரத்தை எடுத்தால் ஒரு வேண்டுகோள். எந்த வேலையையும் ஆண்டவருக்கென்று உளமாரச் செய்யுங்கள் என்ற இடத்தில் வாசகம் நின்றுவிடுகிறது. பவுல் அங்கே நிற்கவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே எஜமானர்கள் பக்கம் திரும்பி, உங்களுக்கும் விண்ணகத்தில் ஓர் ஆண்டவர் உண்டு, நேர்மையாக நடத்துங்கள் என்கிறார். வாசகத்தை நீட்ட முடியாது, சரி, மறையுரையை நீட்டலாமே.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். தோட்டங்களில் மே 1 சம்பளத்தோடு விடுமுறை. ஆனால் அது ஊட்டிக்கு நடுச் சீசன். லாட்ஜில் அறை காலியாவது 11, 12 மணிக்கு. அடுத்த ஆள் 2 மணிக்கு நிற்பார். அந்த இடைவெளியில்தான் படுக்கை மாற்றி, குளியலறை தேய்த்து, குப்பை அள்ள வேண்டும். 10 மணிப் பூசைக்கு அந்தப் பெண்கள் எப்படி வருவார்கள்? காலை 6 மணிக்கு ஒன்று வையுங்கள். தொழிற்சாலைக்காரர்கள் பாடு வேறு. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இறங்குகிற கொழுந்து 12 முதல் 16 மணி நேரம் வாட வேண்டும். ஆக ஞாயிறு விடியற்காலையில்தான் அரைவை தொடங்கும். நிறுத்தி வைத்தால் இலை கெடும். அவர்களுக்குச் சனி மாலைப் பூசையும் உதவாது, ஞாயிறு காலையும் உதவாது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மாலை 6 மணிக்குப் பூசை இருந்தால் வருவார்கள். காரட் எடுக்கிறவர்கள் இரவோடு இரவாக டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, கழுவி, மண்டிக்கு அனுப்புகிறார்கள். காலைப் பூசையில் அவர்கள் தூங்கி வழிந்தால் மைக்கில் சாடாதீர்கள்.

சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை அடிக்கடி எடுப்பதில்லை. உழவர், கொல்லர், குயவர் என்று ஒவ்வொருவர் வேலையையும் கிட்டேயிருந்து பார்த்து எழுதிய பகுதி அது. உலையின் அனல் கொல்லனின் உடம்பை வாட்டுவதும், குயவன் காலால் சக்கரத்தைச் சுழற்றுவதும் அதில் உண்டு. அவர்கள் தொழிலே அவர்களுடைய வேண்டுதல் என்று முடிகிறது. அதற்குச் சற்று முன்னால், இவர்கள் இல்லாமல் நகரம் இல்லை, ஆனாலும் மக்கள் மன்றத்தில் யாரும் இவர்களைத் தேடுவதில்லை என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. உங்கள் பேரவைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கிறவர் எத்தனை பேர், துப்புரவு வேலை செய்கிறவர் எத்தனை பேர்? கூட்டத்தை வேலைநாளில் மாலை 4 மணிக்கு வைத்துவிட்டு, 'அவங்க வர்றதில்ல' என்று சொல்வது சரியில்லை. 4 மணிக்கு அவர்கள் கடைசி நிறுவையில் நிற்பார்கள்.

கோயிலுக்குள்ளேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை, சாமியார் தங்குகிற அறைவீட்டுச் சமையலம்மா, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர், இவர்களும் தொழிலாளர்தான். திருச்சபைச் சொத்தை நிர்வகிக்கிறவர்கள் நாட்டின் தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடித்து நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1286-ஆம் விதி. 'சேவைதானே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கோயில்பிள்ளைக்கு ஞாயிறுதான் பெரிய வேலைநாள், எனவே வாரத்தில் வேறொரு நாள் முழு ஓய்வு. சம்பளம் மாதத்தில் குறித்த ஒரு தேதியில், கையொப்பத்தோடு. திருவிழாவுக்குப் பந்தல் போட்டவருக்கும் தேர் அலங்கரித்தவருக்கும் அன்று சாயங்காலமே கூலி; பொழுது சாயுமுன் கொடு என்பது இணைச்சட்டம் 24. 'சிறப்புக் காணிக்கை எண்ணி முடிக்கட்டும்' என்று பத்து நாள் இழுக்கக் கூடாது. 1891-இல் 13-ஆம் லியோ தொழிலாளர் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். இப்போதைய திருத்தந்தை 14-ஆம் லியோ அந்தப் பெயரையே எடுத்ததற்கு அந்த மடலைக் காரணமாகச் சொன்னார். 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலில், ஒரு பொருளாதார அமைப்பு நியாயமானதா என்று பார்க்க உரைகல் ஊதியமே என்கிறார். அந்த உரைகல்லைச் சம்பளப் பதிவேட்டில் உரசிப் பார்க்கச் சொல்கிறோம்.

மே 1 அன்று கருவிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்குச் சில சில்லறைக் குறிப்புகள். செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றித்தான் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டும், கூட்டத்தில் குழந்தைகள் இருப்பார்கள். மருந்து தெளிக்கும் டேங்க் மூன்று தடவை கழுவிக் காய்ந்ததாக இருந்தாலும் வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும். அதன் வாடை போகாது. மோட்டார் உள்ளவற்றின் மேல் தீர்த்தம் அள்ளி ஊற்ற வேண்டாம், இரண்டு சொட்டு போதும். வரிசையில் முதலில் துடைப்பம் வரட்டும், பிறகு கொழுந்துக் கூடை, கரண்டி, கொத்தனார் மட்டக்கோல், நர்சின் பி.பி. கருவி. கார்ச் சாவிகள் கடைசியில்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு அறிவிப்பில் இரண்டு விஷயம் சொன்னால் போதும்: காலை 6 மணிப் பூசை உண்டா என்பது, கூடையை யாரிடம் ஒப்படைப்பது என்பது. கொழுந்தை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரித் தேயிலைக் காடுகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பங்கு மக்கள் சிலர்