ஜெசிக்கு, மீன் கேள்விக்குப் பதில்

செண்டாய், ஜப்பான்
நவம்பர் 16

அன்புள்ள ஜெசிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ரீத்தாவின் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று நீ திட்டித் தீர்த்ததைச் சொர்ணம் சொன்னாள். அவ்வளவும் எனக்கு வேண்டியதுதான். ஜனவரியில் வருகிறேன், மிச்சத்தை நேரில் திட்டு.

இப்போது எழுதுவது வேறு ஒரு கடனுக்காக. 2023 ஆகஸ்டில், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கடலில் விட ஆரம்பித்தபோது, நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய். "ஏளா, அந்தத் தண்ணியைக் கடல்ல விடுறாங்களாமே, நீ அங்க மீன் திங்கியா?" நான் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு நழுவிவிட்டேன். கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி கேட்ட கேள்வி அது. 2011-இல் இடிந்தகரை அணு உலை எதிர்ப்புப் பந்தலில் உன் அப்பா நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கேட்டதற்கு ஒரு பொம்மை பதிலாகுமா? இந்த இரண்டு வருஷமும் அது மனதில் முள்ளாகவே கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையத்துக்குள் போய்வந்தேன். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் இதுதான் முதல் தடவை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆறு பேர் போனோம். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதிர்வீச்சு மானியைக் கொடுத்தார்கள். உடைந்த உலைக் கட்டடங்களிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டரில் ஒரு மேடு இருக்கிறது, அதில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கவச உடை எதுவும் இல்லை. கூரை பிய்ந்த கம்பிகளைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றோம். திரும்பும்போது என் மானி காட்டியது 0.01 மில்லிசீவெர்ட். பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட மாதிரி.

அந்த மேட்டுக்குப் பின்னால்தான் தொட்டிகள். படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் நேரில் பார்த்தபோது பேச்சு வரவில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரம் டன் கொள்ளும். அப்படி ஆயிரத்துக்கும் மேலே. நெல் குதிர்களை அடுக்கி ஓர் ஊரே கட்டியது போல இருந்தது. உருகிப்போன மூன்று உலைகளிலும் இன்னமும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள், நிலத்தடி நீரும் மழைநீரும் தம் பங்குக்கு உள்ளே கசிகின்றன. அத்தனையும் நஞ்சாகிறது. அதை வடிகட்டி வடிகட்டிச் சேர்த்துத்தான் ஏறக்குறைய 13 லட்சம் டன் ஆயிற்று.

சுற்றிக் காட்டியவர் சுத்திகரித்த நீர் அடைத்த ஒரு புட்டியை என் கையில் கொடுத்தார். கலங்கல் இல்லை, நிறம் இல்லை, வாளித் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான் 12 வருஷமாகக் கட்டி மாரடிக்கும் அதே கல் இனம்தான், கதிரியக்கச் சீசியத்தை நீரிலிருந்து பிடிக்கும் சியோலைட்தான் என்று நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

உனக்கு வேதியியல் பாடம் எடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். உன் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் சொல்.

2011 மார்ச்சில் விபத்தான முதல் நாட்களில் வேறு வழியில்லாமல் கடல் நீரையே உலைகளில் பாய்ச்சினார்கள். அதனால் முதலில் சேர்ந்த கழிவுநீர் உப்புக் கரித்தது. ஒரு லிட்டர் கடல் நீரில் 10 கிராமுக்கு மேல் சோடியம். அதே ஒரு லிட்டரில் சீசியம்-137 10 லட்சம் பெக்கரல் இருக்கிறது என்று வை (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது). பயங்கரமான எண்தான், ஆனால் எடையில் அது 0.3 மைக்ரோகிராம். சோடியம் அதைப்போல மூன்று கோடி மடங்குக்கு மேல். இத்தனை கூட்டத்துக்குள்ளிருந்து அந்த ஒருவனைப் பிடித்து இழுக்க வேண்டும். சோடியமும் சீசியமும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் ஒரே ஒரு நேர்மின்சுமை. எப்படி அடையாளம் காண்பது?

நம் வள்ளியூர் பஸ்ஸை நினைத்துக்கொள். சோடியம் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகக் கட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு வருகிறவன். சீசியம் பெரிய உடம்புக்காரன், நீரை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. தோளில் ஒரு துண்டோடு வருகிறவன் என்று சொல்லலாம். சியோலைட் கல்லுக்குள் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய குட்டிக் குட்டி அறைகள், அவற்றுக்குக் குறுகலான வாசல்கள். சுவரில் அலுமினியம் இருக்கும் இடமெல்லாம் எதிர்மின்சுமை, நேரயனிக்கு அதுதான் இருக்கை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தால்தான் அந்த இருக்கையில் ஒட்டி உட்கார முடியும். சோடியத்துக்கு இறக்க மனம் வராது. சீசியம் துண்டை உதறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த சோடியம் எழுந்து வெளியே வரும்.

என் மேசையில் இருப்பது சுண்டுவிரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஜவ்வரிசி அளவில் வெள்ளை மணிகள். மேலே கதிரியக்கம் இல்லாத சாதாரண சீசியம் கலந்த உப்புநீரை விடுவேன். கீழே சொட்டுச் சொட்டாக வருவதைப் பிடித்து அளப்பேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், கருவிக்கு ஒன்றுமே தட்டுப்படாது. பிறகு ஒரு நாள் மெல்லத் தலை காட்டும், அறைகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். அந்த நாள் தள்ளிப்போகப் போக எங்களுக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று கேள், நீ துள்ளிக் குதிப்பாய். ஸ்டெல்லா மிஸ்ஸின் உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் ஃபெரிக் இரும்புக்குப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு விட்டு ஆழ்ந்த நீலம் வரவழைப்போமே, உன் வெள்ளைத் தாவணியில் தெறித்து ஹாஸ்டல் முழுக்க உன்னை "நீலி" என்று கூப்பிட்டார்களே, அதே நீலம்தான் சீசியத்துக்கு இன்னொரு வலை! பிரஷ்யன் நீலம். இங்கே கடைக்குக் கடை தொங்கும் அந்தப் பெரிய அலை ஓவியத்தில் ஹொகுசாய் தீட்டிய நீலமும் அதுதான். 1987-இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவி ஒன்றை விவரம் தெரியாமல் உடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த சீசியப் பொடி இருட்டில் ஒளிர்ந்ததாம். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒரு சின்னப் பெண். சீசியம் உள்ளே போனவர்களில் 46 பேருக்கு இந்த நீலத்தைத்தான் மருந்தாக விழுங்கக் கொடுத்தார்கள். சும்மா விட்டால் உடம்பிலிருந்து சீசியம் பாதி வெளியேற 110 நாள் போல ஆகும். நீலம் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் அது 30 நாள் போலக் குறைகிறது. நீலி என்று கூப்பிட்டதற்கு நீ மூன்று நாள் அழுதாயே, இப்போது பெருமைப்படு.

சரி, பெருமைப் பேச்சு போதும். தூக்கத்தைக் கெடுப்பது வேறு.

2011-இல் விபத்துக்குப் பிறகு, ஒரே குழப்பமாக இருந்த நேரம். கடுமையாக நஞ்சேறிய நீரை எங்காவது கொண்டுபோய் வைத்தாக வேண்டும். நிலையத்துக்குள் இரண்டு கட்டடங்களின் அடித்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீரை விடுவதற்கு முன்னால், கொஞ்சம் சீசியத்தையாவது பிடிக்கட்டும் என்று சியோலைட் நிரப்பிய மூட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு வைத்தார்கள். நல்ல யோசனை. அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மூட்டைகளும் சொன்ன வேலையைச் செய்தன. கல் பிடித்தது, பிடித்ததை விடவில்லை.

பல வருஷம் கழித்து உள்ளே கருவியை இறக்கிப் பார்த்தபோது, அந்த மூட்டைகளை ஒட்டி மணிக்கு 4 சீவெர்ட் அளவுக்குக் கதிர்வீச்சு. பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால், சிகிச்சை இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துவிடுவார்கள். மேலே நிற்கும் நீர்தான் அந்தக் கதிர்வீச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. நீரை வடித்தால் கதிர்வீச்சு கட்டடத்தில் ஏறும். வடிக்காமல் விட்டால் கட்டடத்தை எப்போது சரிசெய்வது? மூட்டைகளோ இற்றுப் பிய்ந்து கிடக்கின்றன. மனிதர் இறங்க முடியாத அந்த இருட்டு நீருக்குள், தொலைவிலிருந்து இயக்கும் எந்திரங்களை விட்டு மணிகளைக் கூட்டிச் சேர்த்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஜெசி, நான் என் கையால் செய்யும் மணிகளும் அவைதான். மாவு மாதிரிப் பிசைந்து, உருட்டி, உலர்த்தி, சலித்து எடுக்கிறேனே, அதே மணிகள். எத்தனை சீசியம் பிடித்தது என்று வரைபடம் போட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பிடித்த பிறகு அது எங்கே போகும் என்பதை என் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் முடித்திருக்கிறேன். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கதிரியக்கத்தை எந்தக் கல்லும் அழிப்பதில்லை, நீரிலிருந்து தனக்குள் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சீசியம்-137-க்கு அரை ஆயுள் 30 வருஷம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 வருஷம். அத்தனை நாள் இந்த மணிகளை யாராவது காவல் காக்க வேண்டும். 300 வருஷத்துக்கு முன்னால் நம் பக்கம் யார் ஆண்டார்கள் என்று கேட்டால் எனக்கு உடனே சொல்லத் தெரியாது.

இனி மீனுக்கு வருகிறேன்.

தொட்டி நீர் இரும்பு, கார்பனேட்டு வீழ்படிவுகளைத் தாண்டி, அப்புறம் வரிசையாக நிற்கும் பரப்புக்கவர் கோபுரங்களை, அதாவது என் குழாயைப் போலக் கதிரியக்க அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பெரிய உருளைகளைக் கடந்து வருகிறது. சீசியம், ஸ்ட்ரான்ஷியம் உட்பட 62 வகைக் கதிரியக்க அணுக்களைக் குறைக்கவென்று அமைத்தது. டிரிட்டியத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனேதான், தண்ணீரின் உறுப்பாகவே இருக்கிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை எந்தக் கல் பிரிக்கும்? அத்தனை தொட்டியிலும் சேர்த்து டிரிட்டியம் மொத்தம் 2 கிராம் போலத்தான். அதைக் கடல் நீர் சேர்த்து லிட்டருக்கு 1500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 10,000. மீனில் சீசியம் கிலோவுக்கு 100 பெக்கரலைத் தாண்டக் கூடாது என்பது நாட்டுச் சட்டம், ஃபுகுஷிமா மீனவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட வரம்பு 50.

நான் மீன் சாப்பிடுகிறேன் ஜெசி. பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். எண்களைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஆனால் உன் அப்பா கேட்டால் இந்த எண்களை மட்டும் சொல்லி முடிக்க மாட்டேன். ஏனென்றால் 2015-இல் இங்குள்ள மீனவர் கூட்டமைப்புக்கு, சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இந்த நீரை விட மாட்டோம் என்று அரசும் மின் நிறுவனமும் எழுத்தில் வாக்குக் கொடுத்தார்கள். மீனவர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 24 அன்று விட்டார்கள். நடுவில் 2018-இல், தொட்டிகளில் இருந்த நீரில் பெரும்பகுதி டிரிட்டியம் தவிர்த்த மற்றவற்றிலும் வரம்பைத் தாண்டித்தான் இருக்கிறது என்று வெளியே வந்தது. அதுவரை டிரிட்டியம் மட்டுமே மிச்சம் என்றுதான் மக்கள் நம்பியிருந்தார்கள். அந்த நீரை மறுபடி கோபுரங்களுக்குள் விட்டுச் சுத்தம் செய்துதான் வெளியேற்ற வேண்டும். அதைக் கல்லால் செய்ய முடியும். அந்த மனிதர்கள் மனதில் விழுந்ததை எடுக்க என் குழாயில் மணி எதுவும் இல்லை. 2012-இல் பரீட்சார்த்தமாக வலை போட ஆரம்பித்து, பிடித்ததை அளந்து அளந்து, 2021 வரை பொறுத்திருந்தவர்கள் அவர்கள். உன் அப்பா இங்கே பிறந்திருந்தால் அவர்களில் ஒருவராக இருந்திருப்பார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஞாபகமாகவே இருந்தது.

இப்போது சேதி. திங்கட்கிழமை என் மேலதிகாரியிடம் போய், இனி பிடிக்கும் வேலை எனக்கு வேண்டாம், பிடித்த கல்லைப் பூட்டும் வேலை கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். பொலுசைட் என்று ஒரு கனிமம் இருக்கிறது. இயற்கையிலேயே சீசியம் குடியிருக்கும் கல். சீசியம் ஏறிய சியோலைட்டைச் சரியான பக்குவத்தில் சுட்டால் அந்த அமைப்புக்கு மாற்றலாம், அதற்குப் பிறகு நீரில் கரைந்து வருவது ரொம்பக் கஷ்டம். சூடு அதிகமானால் சீசியம் ஆவியாகிக் கிளம்பிவிடும், குறைந்தால் கல் இறுகாது. அந்தப் பக்குவம்தான் எல்லாம். முறுக்குக்கு எண்ணெய் காய வைக்கும்போது உன் அம்மை ஒரு துளி மாவைப் போட்டுப் பார்ப்பாளே, அதுபோல ஒன்றைத் தேட வேண்டும். 46 வயதில் முதலிலிருந்து தொடங்குவதா என்று வீட்டில் இவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேலதிகாரி சரி என்று சொன்னபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது.

ஜனவரி 9 மாலை திருவனந்தபுரம் வந்து இறங்குகிறேன். பொங்கலுக்கு ஊரில் இருந்துவிட்டு மறுநாளே உவரி. சொர்ணத்தையும் வரச் சொல். அம்மைக்கு இங்கே கிடைக்கும் சூட்டுப் பட்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன், முழங்காலுக்கு நல்லது. உன் அப்பாவிடம் நான் ஒரு முழு மாலை பேச வேண்டும் என்று இப்போதே சொல்லி வை.

உன் பிள்ளைகளுக்கு நன்றாக வறுத்து மூடி இறுக்கிய ஒரு சின்னச் சீசா நிறைய மணி கொண்டுவருகிறேன், புதுசு, எதையும் தொடாதது. 1756-இல் சுவீடனில் குரோன்ஸ்டெட் என்பவர் இந்த வகைக் கல் ஒன்றைச் சுட்டபோது அது நீராவி விட்டுக் கொதித்ததாம், அதனால்தான் கிரேக்க மொழியில் கொதிக்கும் கல் என்று பெயர் வைத்தார். நீ தலைகீழாகச் செய்து காட்டு. ஒரு பிள்ளையின் உள்ளங்கையை நனைத்துவிட்டு ஐந்தாறு மணிகளை மட்டும் வை. அறைகளுக்குள் நீர் ஓடி ஏறும்போது கல் சூடாகும், பிள்ளை கையை உதறும். கையை உதறியதும் ஏன் என்று கேட்பாள், பார்.

உன்
பாரு