கடலோர மேடும் உன் கொறங்காடும்

காங்கேயம்

அன்புள்ள மாப்பிள்ளை,

மகள் வீட்டிலிருந்து திரும்பிவிட்டேன். உன் கடிதம் இங்கே காத்திருந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதி அடைந்தேன். உன் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை மனை போடுகிறவர்கள் கேட்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லும் முன், அமெரிக்காவின் சான் டியாகோவில் நான் நடந்த ஓர் இடத்தைப் பற்றி நீ கேட்டாக வேண்டும்.

டோரி பைன்ஸ் என்று பெயர். கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் மணற்பாறை மேடு. விளிம்பில் நின்றால் பசிபிக் முழுவதும் கண்முன் விரிகிறது. கூழைக்கடாக்கள் வரிசையாக, நம் காலுக்குக் கீழே பறந்து போகின்றன. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்குப் புதிது. பாறை பொலபொலவென்று உதிரும் தன்மையுடையது, அதனால் பல இடங்களில் விளிம்புக்கு நெருங்க விடுவதில்லை. கை ஃபிளெமிங் என்பவர் பெயரிலுள்ள பாதை ஒரு கிலோமீட்டர் அளவுதான். என் முழங்காலே தாங்கியது, நீ தாராளமாக நடப்பாய்.

ஆனால் மனதில் நின்றது மரம். அந்த ஊரில் ஆண்டுக்குப் பத்து அங்குலம் மழை பெய்தாலே பெரிது. அந்த வறட்சியில் டோரி பைன் என்ற அந்த மரம் எப்படிப் பிழைக்கிறது தெரியுமா? காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது. கொத்துக்கு ஐந்தாக நீண்டிருக்கும் ஊசியிலைகளில் அது படிந்து, துளித்துளியாய் வேரடியில் சொட்டுகிறது. விளிம்போர மரங்கள் காற்றில் வளைந்து குட்டையாக நிற்கின்றன. இயற்கையாக இவை வளர்வது உலகத்திலேயே இந்த மேட்டிலும், சான்டா ரோசா என்ற ஒரு தீவிலும் மட்டும்தான்.

1850இல் சார்லஸ் பாரி என்ற தாவர அறிஞர் இதைத் தனி இனம் என்று கண்டு, தன் ஆசிரியர் ஜான் டோரியின் பெயரை வைத்தார். 1899இல் நகராட்சி கொஞ்சம் நிலத்தைப் பூங்காவாக ஒதுக்கியது. மரங்கள் நின்ற மேலும் கொஞ்சம் நிலத்தை எலன் பிரௌனிங் ஸ்கிரிப்ஸ் என்ற அம்மையார் சொந்தப் பணத்தில் வாங்கிக் காப்பாற்றினார். இன்று அங்கே ஒரு பைன் காயைக்கூடப் பொறுக்கக் கூடாது. மேட்டின் மேல் தண்ணீர் தவிர எதையும் தின்னவோ குடிக்கவோ அனுமதியில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இப்போது உன் காட்டுக்கு வருகிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மழை பொய்த்தாலும் புல் வேரில் உயிர் வைத்திருக்கும், இரண்டு தூறல் விழுந்தால் தளிர்க்கும். காங்கேயம் மாடு இந்த மேய்ச்சலில் உருவான இனம். வேலியைப் பிரித்து, புல்டோசர் விட்டு, கல் நட்டுவிட்டால் அந்தப் புல்லையும் மரத்தையும் திரும்ப உண்டாக்க உன் பேரன் காலம்கூடப் போதாது. உன் அப்பாரு நட்ட வேலி அது.

பேத்தி படிப்புக்குப் பணம் தேவை என்பது எனக்குப் புரிகிறது. ரோட்டோரத்துக் கிணற்றுத் துண்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார். காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை கேட்க நம் பக்கத்து மாட்டுக்காரர்கள் இருவர் தயாராக இருக்கிறார்கள், நான் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே. பட்டாவையும் வரைபடத்தையும் எடுத்து வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை