'நன்றி: இணையம்' என்றால் யாருக்கு நன்றி?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாராசுரம் கோயிலின் கல் தேர்ச்சக்கரத்தை நான் எடுத்த படம் ஒன்று, விக்கிப்பீடியாவுக்கும் படங்கள் தரும் இணையக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் இருக்கிறது. போன மாதம் ஓர் ஆன்மிக மலரில் அதைப் பார்த்தேன். சந்தோஷம்தான், ஆனால் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டிருந்தார்கள். இணையமா வெயிலில் நின்று எடுத்தது?

நான் காசு கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு நான் கொடுத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்தல்) என்ற பொது உரிமத்தின்படி யாரும் என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், விற்கும் இதழிலும் போடலாம். பதிலுக்குப் போட வேண்டியது படம் பிடித்தவர் பெயர், எந்த உரிமம் என்பது, அதன் சுட்டி, அப்புறம் வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதைப் பற்றி ஒரு சொல், அவ்வளவுதான். மாற்றியதை வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இலவசம் என்றாலே உரிமையாளர் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 'படம்: விக்கிப்பீடியா' என்று மட்டும் போடுவதும் சரியில்லை, அது கடை, சரக்கு வேறொருவருடையது.

தவறிப்போனாலும் இந்த 4.0 பதிப்பில் ஒரு வழி உண்டு: தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகவே மீண்டும் கிடைத்துவிடும். உங்கள் இணைப்பிதழ்களிலும் 'கோப்புப் படம்' என்று போடுமுன் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகர்