ஒரே எண்ணில் அடங்காத பெயர்: கால்பந்து மேலாளர் விளையாட்டுகளை ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்து மேலாளர் விளையாட்டுகளின் வடிவமைப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வெளிவந்த காலத்திலிருந்து கணினியில் ஒரு கால்பந்து கிளப்பை மேலாளராக நடத்தும் இந்த வகை விளையாட்டு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆட்டக்காரரின் முதல் தொடுதல், தலையால் முட்டும் திறன், முன்கோபம், அடிக்கடி காயப்படும் உடல்வாகு என்று ஒவ்வொன்றையும் தனியாக அளந்து வைக்கிறீர்கள். மேலாளரை வேலைக்கு எடுக்கும் கட்டம் வந்தால் மட்டும் பெரும் எடை ஒரே எண்ணின் மீது விழுகிறது. மேலாளரின் நற்பெயர் இவ்வளவு, கிளப்பின் நற்பெயர் இவ்வளவு, இரண்டும் அருகருகே இருந்தால் வேலை, இல்லாவிட்டால் "விண்ணப்பித்ததற்கு நன்றி."

விளைவு, பத்து சீசன் தாண்டிய எந்த 'சேவ்' கோப்பைத் (சேமித்து வைத்த ஆட்டத்தைத்) திறந்தாலும் தெரியும். பெரிய கிளப்பில் ஒருமுறை உட்கார்ந்துவிட்ட, கணினி இயக்கும் மேலாளர் எங்கே போய்க் கவிழ்ந்தாலும் அடுத்த பெரிய நாற்காலி அவருக்குக் காத்திருக்கிறது. அதே பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலி மாற்றி உட்காருகிறார்கள். கீழ்ப்பிரிவில் அதிசயம் செய்தவரோ, லீக்கின் நற்பெயர் குறைவு என்பதால் உச்சவரம்பில் முட்டிக்கொண்டு அங்கேயே நரைத்துப்போகிறார்.

கோளாறு எண்ணின் அளவில் இல்லை, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. பெயர் என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவர் நினைப்பது. அதை மேலாளரின் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, எல்லாக் கிளப்பும் அதே எண்ணைப் படிக்கும்படி செய்திருக்கிறீர்கள்.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022-23இல் இங்கிலாந்தின் பர்ன்லி அணியை 101 புள்ளிகளோடு முதல் பிரிவுக்கு ஏற்றிய மேலாளர் வின்சென்ட் கொம்பனி, அடுத்த சீசனில் வெறும் 24 புள்ளிகளோடு கீழே இறங்கினார். 2024 மே மாதம் அவரை எடுத்தது ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக். ஷாபி அலோன்சோ 2021-22இல் ரியல் சோசியெடாட்டின் 'பி' அணியோடு ஸ்பெயினின் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியவர். 2022 அக்டோபரில், ஜெர்மன் லீக்கில் 17-ஆம் இடத்தில் கிடந்த லெவர்குசன் அவரை அழைத்தது; 2023-24இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார். கிளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நீக்கியது. கோடை வந்ததும் பிரான்ஸின் நான்ட் அணி எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போடும் விளையாட்டில் இந்த மூன்றில் முதல் இரண்டும் நடக்கவே நடக்காது. நடந்தால் பிழை அறிக்கை எழுதுவோம்.

எங்கள் முதல் கோரிக்கை: காலியிடம் வந்ததும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு மேலாளரைப் பற்றி நான்கு கேள்விகளுக்குத் தானே விடை கணக்கிடட்டும். இவரை நமக்கு எவ்வளவு தெரியும்? இவர் வேலையில் எவ்வளவு நம்பிக்கை? நமக்கு இப்போதிருக்கும் நோய்க்கு இவர் மருந்தா? வரச் சொன்னால் வர முடியுமா?

நினைவகம் தாங்காது என்று சொல்வீர்கள். 3,000 கிளப், 4,000 மேலாளர் என்றால் 1 கோடியே 20 லட்சம் இணைகள். இணைக்கு ஒரு பைட் என்றாலும் 12 மெகாபைட்தான். ஆனால் சேமிப்பது சிரமமில்லை, வாராவாரம் புதுப்பிப்பதுதான் வேகத்தைக் கொல்லும். அதனால் எதையும் முன்கூட்டிக் கணக்கிட வேண்டாம். காலியிடம் வந்த நாளில், அந்தக் கிளப்புக்கு மட்டும், முதல் சல்லடையில் தப்பிய முப்பது நாற்பது பேருக்கு மட்டும் கணக்கிட்டால் போதும்.

'தெரியும்' என்பதற்கு எளிய விதி: ஒரே லீக்கில் எதிரே நின்றவர், அங்கே முன்பு ஆடியவர், அதே மொழி பேசும் நாட்டில் வேலை பார்த்தவர், கண்டப் போட்டியில் நம்மைத் தோற்கடித்தவர் என்று படிப்படியாக மதிப்பு கூடட்டும். வேலையில்லாமல் இருக்கும்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையட்டும். அலோன்சோவுக்கு ஜெர்மன் தெரியும், 2014 முதல் 2017 வரை பயர்னில் ஆடியவர். லெவர்குசன் கண்ணுக்கு அவர் புதியவரே அல்ல.

நம்பிக்கைதான் சிக்கலான பகுதி. கோப்பைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுங்கள். சம்பளப் பட்டியலில் 18-ஆம் இடத்தில் இருக்கும் அணியிடம் 36 புள்ளி எதிர்பார்க்கிறோம், 52 வருகிறது: கூடுதல் 16. பணக்கார அணியிடம் 80 எதிர்பார்க்கிறோம், 82 எடுத்துப் பட்டம் வெல்கிறது: கூடுதல் 2. இன்றைய முறையில் இரண்டாமவர் பெயர் விண்ணைத் தொடும்.

அதற்காக அந்த 16-ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்ற முறையில், நடுத்தர அணி ஒன்றின் 38 ஆட்டப் புள்ளிகள் அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஏறத்தாழ 8 திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கொண்டவை. 10 ஆட்டத்துக்கு அது 4. புது மேலாளர் வந்ததும் அணி 'உயிர்த்தெழுவதில்' பெரும்பங்கு இதுதான்: மோசமான ஓட்டத்தின் அடியில்தானே ஆளை மாற்றுகிறார்கள், அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலேதான் போகும். எனவே சராசரிக் கூடுதலை, சீசன் எண்ணிக்கையைச் 'சீசன் கூட்டல் 2'-ஆல் வகுத்து வரும் பின்னத்தால் பெருக்குங்கள். ஒரு சீசனில் +16 என்றால் நம்பிக்கை 5.3. அடுத்த சீசன் +5 என்றால் சராசரி 10.5, பாதியாக்கினால் 5.25. மூன்றாவதில் +9 என்றால் சராசரி 10, நம்பிக்கை 6. ஒரே மின்னலுக்கு யாரும் உச்சிக்குப் போவதில்லை. தொடர்ந்து செய்பவர் மெல்ல ஏறுகிறார். அந்த 2 உங்கள் தரவில் சரிபார்த்து மாற்ற வேண்டிய எண்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு, இப்போதே அடைத்துவிடுங்கள். எதிர்பார்ப்பை அணியின் தற்போதைய திறனிலிருந்து வாரம்தோறும் கணக்கிட்டால், இளைஞர்களை வளர்த்தெடுக்கும் மேலாளர் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்: அவர்கள் வளர வளர எதிர்பார்ப்பும் வளர்ந்து கூடுதல் கரைந்துவிடும். திறனைச் சீசன் தொடக்கத்தில் உறைய வைத்து, வளர்ச்சியைத் தனிப் புண்ணியக் கணக்கில் சேருங்கள். மறுபக்கம், எங்களைப் போன்றவர்கள் நல்ல ஆட்டக்காரர்களை விற்றுத் தள்ளி எதிர்பார்ப்பைத் தரைமட்டமாக்கிவிட்டு, அதைத் தாண்டிப் பேர் வாங்கப் பார்ப்போம். கட்டாயம் பார்ப்போம். சென்ற சீசன் சம்பளச் செலவு, இந்தச் சீசன் செலவு இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டால் அந்தத் தந்திரம் பலிக்காது.

இனி, எல்லாக் கிளப் தலைவரும் இப்படி அறிவாளியாக இருந்தால் விளையாட்டு செத்துவிடும். தலைவர் கோப்பில் துணிச்சல், தரவு நம்பிக்கை என்று இரு பண்புகள் சேருங்கள். தரவை நம்பாதவர் கடைசி ஐந்து ஆட்டத்தையும் செய்தித்தாள் தலைப்பையும் பார்த்து முடிவெடுக்கட்டும். துணிச்சல்காரர், தெரியாத ஆளையும் எடுக்கட்டும். ஸ்வீடனின் நான்காம் பிரிவில் 2011-இல் ஆஸ்டர்சுண்ட் அணியைக் கையில் எடுத்த ஆங்கிலேயர் கிரஹாம் பாட்டருக்கு இங்கிலாந்துக் கதவு திறக்க 2018 வரை, ஸ்வான்சி அழைக்கும் வரை, ஆயிற்று. ஏழு ஆண்டு. அந்தக் காத்திருப்பும் விளையாட்டில் வர வேண்டும், கதவு திறப்பதும் வர வேண்டும்.

வேலைக்கு எடுக்கும் நடைமுறை தனிக் கதை. இப்போது அது ஒரு பொத்தான். காலியிடங்கள் பட்டியலில் பத்து கிளப்புக்கு ஒரே மூச்சில் விண்ணப்பித்துவிட்டு 'தொடர்க' அழுத்துகிறோம். ஓரளவு ஒழுங்கான கிளப்பிடம் ஆளை நீக்குவதற்கு முன்பே ஆறேழு பேர் கொண்ட பட்டியல் இருக்கும். முதல் பெயர் மறுத்தால் அடுத்தது. 2024-இல் பயர்ன் மேலாளரைத் தேடியபோது அலோன்சோ லெவர்குசனிலேயே தங்கினார், நாகல்ஸ்மன் ஜெர்மனி அணியோடு ஒப்பந்தத்தை நீட்டினார், ராங்னிக் ஆஸ்திரியாவை விட்டு வர மறுத்தார். அதன் பிறகே பயர்ன் கொம்பனியிடம் வந்து சேர்ந்தது. இதை விளையாட்டில் காட்டுங்கள். "நீங்கள் நான்காவது தேர்வு" என்று ஏஜென்ட் மூலம் தெரிந்தால் சம்பளப் பேச்சில் எங்கள் கை ஓங்கும். வாரியத்தின் பொறுமை மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கும்.

நிராகரிப்புக்குக் காரணம் சொல்லுங்கள், ஒரே வரியில். "எங்கள் லீக்கில் உங்களை யாருக்கும் தெரியவில்லை." "உங்களை விடுவிக்க உங்கள் கிளப்புக்குத் தர வேண்டிய இழப்பீடு எங்கள் சக்திக்கு மீறியது." "உங்கள் பயிற்சியாளர் உரிமம் போதாது." ஆனால் உரிமத்தை இரும்புக் கதவாக்காதீர்கள். 2022-இல் பிரான்ஸின் ரீம்ஸ் அணி, புரோ உரிமம் (உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமம்) இல்லாத வில் ஸ்டில்லை நியமித்து, ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம் கட்டிக்கொண்டே தொடர்ந்தது. அது அபராதமாக, கிளப் எடைபோடும் செலவாக இருக்கட்டும். இழப்பீடும் அப்படித்தான்: 2020 மார்ச்சில் ரூபன் அமோரிமை போர்ச்சுகலின் பிராகா கிளப்பிலிருந்து விடுவிக்க அதே நாட்டு ஸ்போர்டிங் 1 கோடி யூரோ விலையை ஏற்றது, அவர் அங்கே முதல் அணியைப் பார்த்தது சில மாதம்தான்.

நேர்காணல் கேள்விகள் எங்களுக்கு மனப்பாடம். கேள்வி கிளப்பின் நோயிலிருந்து பிறக்கட்டும், பதிலை எங்கள் பழைய பதிவோடு ஒப்பிடட்டும். "இளைஞர்களை ஆடவைப்பேன்" என்று சொன்னவர் முந்தைய கிளப்பில் 21 வயதுக்குட்பட்டோருக்கு 4 சதவீத நிமிடங்களே கொடுத்திருந்தால், தலைவர் அதை எடுத்து முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். நேர்காணலில் தோற்றதும் பழைய 'சேவ்' கோப்பைத் திறந்து மறுபடி முயல்வது எங்கள் வழக்கம். காலியிடம் உருவான நாளிலேயே சமவாய்ப்பு விதை எண்ணை (தற்செயல் முடிவுகள் பிறக்கும் தொடக்க எண்ணை) பூட்டிவிட்டால் அந்த ஆசை அடங்கும். வேலையில் இருந்துகொண்டே வேறிடத்துக்கு விண்ணப்பித்தால், நான்கில் ஒரு வாய்ப்பாவது செய்தி கசிய வேண்டும். சீசன் நடுவில் கைவிட்டுப் போனவரை அந்தக் கிளப் ரசிகர்கள் ஐந்தாண்டு மறக்கக் கூடாது. மற்ற கிளப்புகளுக்கு அது பெரிய குற்றமில்லை, ஒப்பந்தத்தில் தப்பிக்கும் விதியின் (குறித்த தொகை கட்டினால் மேலாளரை விடுவிக்கும் விதியின்) விலையைக் கூட்டிக் கேட்பார்கள், அவ்வளவே.

தேசிய அணி வேலைகளுக்கு வேறு கணக்கு வேண்டும். அதை இங்கே இழுக்கவில்லை.

எல்லாம் ஒரே பதிப்பில் வராது என்று தெரியும். நிராகரிப்புக் காரணமும் பூட்டிய விதையும் இடைக்காலத் திருத்தத்திலேயே வரக்கூடியவை, அவற்றிலிருந்து தொடங்குங்கள். எதிர்பார்ப்புக் கணக்கு அடுத்த பதிப்புக்கு. அதைத் திரைக்குப் பின்னால் ஒரு பதிப்பு ஓடவிட்டு, இருபது சீசன் தானாக ஆடவைத்து, முதல் பத்து கிளப்புகளின் நாற்காலியில் எத்தனை புதுமுகம் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எடைகளையெல்லாம் தரவுத் திருத்தியில் (விளையாட்டின் தரவை மாற்றும் கருவியில்) எங்களுக்குத் திறந்து வையுங்கள். தவறான எண்களை ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துத் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
நீண்ட சேவ்களை விடாமல் ஆடுகிறவர்கள்