குளிர்நீர்க் குழாய்களின் காப்புறை குறித்து ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கூட்டங்களில் இந்தியாவின் சார்பில் பங்கேற்கும் கப்பல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கப்பலில் பொருத்தும் வெப்பக்காப்பு எரியாப் பொருளாக இருக்க வேண்டும் என்பது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் பொது விதி. 750 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்துச் சோதித்த பிறகே ஒரு பொருளுக்கு அந்தத் தகுதி கிடைக்கிறது. ஆனால் குளிர்சாதனக் குழாய்களின் காப்புக்கும் அதை ஒட்டும் பசைக்கும் அதே விதி விலக்களிக்கிறது. இயன்றவரை குறைவாகப் பயன்படுத்தி, வெளிப்பரப்பில் தீ மெதுவாகப் பரவுமாறு பார்த்துக்கொண்டால் போதுமாம். இயன்றவரை என்றால் எவ்வளவு என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. புகையைப் பற்றியும் அதில் பேச்சில்லை.

மாலுமிகள் தங்கும் பகுதியின் கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், நடைவழி நெடுகக் கறுப்பு ரப்பர் நுரை சுற்றிய, குளிர்சாதனத்துக்கான குளிர்நீர்க் குழாய்கள் ஓடுவது தெரியும். வால்வு வரும் இடங்களில் துண்டு துண்டாக வெட்டி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். பழுதுபார்ப்பின்போது தடுப்புச் சுவரின் மறுபக்கம் நடக்கும் வெல்டிங்கின் சூடு இதைப் பற்றவைக்கப் போதுமானது. இத்தகைய நுரைகள் செய்யப்படும் நைட்ரைல் ரப்பரும் பாலியூரித்தேனும் எரிகையில், நச்சு வாயுக்களான கார்பன் மோனாக்சைடுடன் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகிறது. 1990 ஏப்ரலில் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் 159 பேர் மாண்டதற்கு முதன்மைக் காரணம் இவ்விரு வாயுக்களே. அங்கே எரிந்தது சுவர்ப்பூச்சுத் தகடுதான், குழாய்க்காப்பு அன்று. ஆனால் நடைவழியில் சிக்கியவருக்கு இரண்டும் ஒன்றே.

ரப்பர் நுரையைக் கப்பல் கட்டுவோர் காரணமின்றித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எரியாப் பொருளான பாறைக்கம்பளியில் (கல்லை உருக்கி இழையாக்கிய காப்பு) ஈரம் புகுந்தால் காப்பும் கெடும், உள்ளே குழாயும் துருப்பிடிக்கும். இருப்பினும் மாற்று இல்லாமல் இல்லை. மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைக் கண்ணாடி எரிவதும் இல்லை, ஈரம் உறிஞ்சுவதும் இல்லை. அதிர்வில் நொறுங்கும் என்பதால் இயந்திர அறைக்கு அது சரிவராது, தங்கும் பகுதிக்குப் பொருந்தும். மிகக் குறைவாகப் புகைக்கும் பாலிஇமைடு நுரையை அமெரிக்கக் கடற்படை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. அதற்கு நீராவித் தடுப்புறை கட்டாயம் வேண்டும், விலையும் அதிகம்.

கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) 2002இல் பெருமளவும் 2011இல் முற்றிலும் புதிதாகப் பொருத்தத் தடை செய்த சர்வதேசக் கடல்சார் அமைப்பால் இந்த விலக்கையும் சுருக்க முடியும். தங்கும் பகுதிகளிலும் தப்பும் வழிகளிலும் இவ்விலக்கு செல்லாது என இந்தியா முன்மொழிய வேண்டும். அது உடனே இயலாதெனில், காப்பின் முழுத் தடிமனையும் பசையோடு சேர்த்து நச்சுப்புகைச் சோதனைக்கு உட்படுத்தி, அவ்வமைப்பின் தீச்சோதனை விதித்தொகுப்பு ஹைட்ரஜன் சயனைடுக்கு வகுத்துள்ள 140 பிபிஎம் (பத்து லட்சத்தில் 140 பங்கு) வரம்பைக் கட்டாயமாக்குமாறாவது கோர வேண்டும்.

இப்படிக்கு,
கப்பல் பொறியாளர் ஒருவர்