வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024-25: காணாத உயிர்களுக்கு எழுதப்பட்ட சட்டங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

மாய உயிரினங்களைப் பதிவு செய்யவும், வகைப்படுத்தவும், அவற்றை வளர்க்க அனுமதி வழங்கவும் ஓர் அரசுத் துறை இயங்குவதாகச் சில கற்பனைக் கதைகளில் வருவதை நம் இளம் உறுப்பினர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். உண்மையான அரசு எதுவும் இப்படி ஓர் ஆணையைப் பிறப்பித்திருக்கிறதா என்று அவர்கள் சென்ற பொதுக்குழுவில் எழுப்பிய கேள்வியே இவ்வாண்டின் பொருளாயிற்று. ஓராண்டு முழுவதையும் செலவிட இது தகுந்த பொருள்தானா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் தயங்கினார்கள். வட்டத்தின் மீதுள்ள அக்கறையால் எழுந்த தயக்கம் அது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அத்தகைய உயிர்கள் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நுழையாமல், அரசு எழுதிய தாளில் என்ன இருக்கிறது, ஏன் எழுதினார்கள் என்பதை மட்டும் பேசுவது என்ற முடிவோடு தொடங்கினோம்.

அதிகக் கூட்டங்களை எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்கமேனியா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) சட்டம். 1967 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு சிறு படச்சுருள், உடலெங்கும் ரோமம் மூடிய சாஸ்குவாட்ச் என்னும் பெரிய உருவத்தைத் தேடும் ஆர்வத்தை நாடெங்கும் பரப்பியிருந்த காலம் அது. 1969 ஏப்ரல் 1 அன்று அந்தக் கவுண்டியின் ஆணையர் குழு, சாஸ்குவாட்சைக் கொல்வது கடுங்குற்றம் என்றும், அதற்கு 10,000 டாலர் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்றும் சட்டமியற்றியது. முட்டாள்கள் தினத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, இதை வேடிக்கைக்காகக் கட்டிய செய்தி என்று எங்கள் முதல் குறிப்புத்தாளில் எழுதிவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது. சட்டத்தை வெளியிட்ட உள்ளூர்ப் பத்திரிகை, இது மெய்யாகவே இயற்றப்பட்ட சட்டம் என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய நேர்ந்ததை ஓர் உறுப்பினர் எடுத்துக் காட்டிய பிறகு, அடுத்த கூட்டத்திலேயே திருத்தத்தைப் படித்தேன்.

அச்சட்டத்தின் முகவுரையைப் படித்தபோதுதான் தயங்கிய உறுப்பினர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆய்வாளர்களும் வேட்டைக்காரர்களும் கொலைக்கருவிகளோடு அந்தக் காடுகளுக்குள் திரளாக நுழைவதால், அங்கே வாழ்கிற, அவ்வழியே போகிற மனிதர்களின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதே ஆணையர்கள் சொன்ன காரணங்களுள் முதன்மையானது. மரங்களுக்கிடையே உயரமாக ஏதோ அசைகிறது என்று ஒருவன் சுட்டுவிட்டால், விழுவது விறகெடுக்கப் போனவனாகவும் இருக்கலாம். காணாத உயிருக்குப் போட்ட வேலி, கண்ணெதிரே இருக்கும் மனிதனைக் காத்தது என்பது என் கருத்து.

1984-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. கடுங்குற்றம் என்று அறிவிப்பது ஆணையர் குழுவின் அதிகார வரம்பை மீறியதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்தார்கள். கவுண்டி முழுவதையும் சாஸ்குவாட்சின் புகலிடமாகவும் அறிவித்தார்கள். அதிலுள்ள ஒரு பிரிவைப் பற்றித்தான் இவ்வாண்டில் மிகச் சூடான விவாதம் நடந்தது. கொல்லப்பட்டது மனித இனத்தைச் சேர்ந்தது என்று பிணவிசாரணை அதிகாரி முடிவு செய்தால் கொலை வழக்கு தொடர வேண்டும். குரங்கினம் என்று முடிவு செய்தால் இச்சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். விலங்கா, ஆளா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்று கற்பனைக் கதைகளில் வரும் துறை தவிக்கிற இடமும் இதுதான். அதை ஒரு கவுண்டி அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செத்த பிறகு மட்டுமே எழும் கேள்வியாக இது நின்றுவிடுவது சட்டத்தின் பெரிய குறை என்று நம் உறுப்பினர் ஒருவர் சொன்னதை நானும் ஏற்கிறேன்.

அடுத்து ஸ்வீடன் நாட்டின் யெம்ட்லாந்து மாகாணம். அங்குள்ள ஸ்டோர்ஷியோன் ஏரியில் ஒரு பெரும் பாம்புருவம் வாழ்வதாக 1635 முதல் எழுத்துச் சான்று இருக்கிறது. 1894-இல் அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் செய்த பொறிக்கருவிகள் எஸ்டர்சுண்ட் நகரின் யாம்ட்லி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1986-இல் மாகாண நிர்வாகம் அவ்வுயிரைக் கொல்லவோ, காயப்படுத்தவோ, பிடிக்கவோ கூடாது, அதன் முட்டையையும் கூட்டையும் தொடக் கூடாது என்று தடை விதித்தது. பிற்காலத்தில் ஒருவர் முட்டையைத் தேடி எடுத்துப் பொரிக்க வைக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். நிர்வாகம் தன் தடையைக் காட்டி மறுத்தது. விவகாரம் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் வரை போயிற்று. இப்படிப்பட்ட உயிருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததற்கு ஆதாரம் என்ன என்ற கண்டனத்துக்குப் பின், 2005-இல் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் யாருக்கும் தொல்லை தராத ஒரு தடையை, ஒரே ஒரு விண்ணப்பம் அசைத்துவிட்டது. அந்த விண்ணப்பத்தைப் பதிவு செய்து, முறைப்படி பரிசீலித்துப் பதில் எழுதிய அலுவலர்களின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நேபாளம் பற்றி ஒரு கூட்டமே நடத்த முடிந்தது. 1959-இல் காத்மாண்டுவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டுக்கு அனுப்பிய குறிப்பில் எட்டி (Yeti) என்னும் பனிமனிதனைத் தேடுவோருக்கான நேபாள அரசின் விதிகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. தேடும் அனுமதிக்கு 5,000 இந்திய ரூபாய் கட்ட வேண்டும். தற்காப்புக்கு அல்லாமல் சுடக் கூடாது. எடுத்த படங்களையும், பிடித்த உயிரையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அரசின் அனுமதியின்றிச் செய்தியைப் பத்திரிகைகளுக்குத் தரக் கூடாது. மலையேற வந்த வெளிநாட்டவர் மலையின் கதையையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலையை அந்த விதிகளில் நான் காண்கிறேன்.

பூட்டானின் கிழக்கிலுள்ள சாக்தெங் வனவிலங்குச் சரணாலயத்தையும் பார்த்தோம். மிகோய் என்று அவர்கள் அழைக்கும் எட்டியின் வாழிடமும் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதன் உருவாக்கத்தில் இருந்தது. அங்கு மெய்யாகவே வாழும் சிவப்புப் பாண்டாவும், மலை மாட்டினமான யாக்குகளை மேய்க்கும் புரோக்பா மக்களின் மலைக்காடும் அதே எல்லைக்குள் வந்துவிட்டன. பெரிய விலங்கு ஒன்று வாழ்வதாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியைக் கடைசியாக எடுத்தோம். 1938-இல் இன்வெர்னஸ் வட்டாரக் காவல்துறைத் தலைவர் வில்லியம் ஃப்ரேசர், வேட்டைக் குழு ஒன்று வருவதை அரசுக்குத் தெரிவித்து, அவ்வுயிரைக் காக்கும் அதிகாரம் தமக்கு இருப்பது ஐயம் என்று எழுதிய கடிதத்தின் சுருக்கத்தை மொழிபெயர்த்து வாசித்தோம்.

நிர்வாகம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளை நூலகத்தின் மாடியறையை இவ்வாண்டும் வாடகையின்றிப் பெற்றோம். மழைக்காலத்தில் ஒரு கூட்டம் தள்ளிப்போயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். குறிப்புத்தாள்களைத் தமிழில் ஆக்கித் தந்தவர்களுக்கு வட்டத்தின் நன்றி உரியது.

சாலை போடும்போது மறைமக்கள் என்னும் கண்ணுக்குத் தெரியாத மக்கள் குடியிருப்பதாகக் கருதப்படும் பாறைகளை ஐஸ்லாந்து அரசு எப்படிக் கையாள்கிறது என்பதை வரும் ஆண்டின் பொருளாகச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வாண்டுக் குறிப்புத்தாள்களைத் திருத்தங்களோடு தொகுத்து நூலகத்தில் ஒரு படி வைப்பதற்கும் சேர்த்துப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவண்,
செயலாளர்